எச்.ஐ.வி. தொற்றும் தற்கொலை அபாயமும்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரிடையே தற்கொலை அபாயம் மிகுதி என்பது, 1985-இல் நியூயார்க் நகரில் எய்ட்ஸ் கண்ட 20 முதல் 59 வயது வரையிலான ஆடவரிடம் அது அந்நோயற்ற அதே வயதினரைக் காட்டிலும் ஏறத்தாழ 36 மடங்காக இருந்ததென மார்சுக் முதலியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வினால் ஐயமறப் புலப்பட்டது. 1996-க்குப் பின் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவவே, சுவிட்சர்லாந்து முதலிய தேசங்களில் இவ்வபாயம் வெகுவாகக் குறைந்ததெனினும், முற்றும் நீங்கவில்லை. ஏனெனில், பரிசோதனை முடிவு கைக்கு வந்த முதல் வாரங்களில், தம் தட்டும் தம்ளரும் தனியே ஒதுக்கி வைக்கப்படுவதைக் காணும் ஒருவரின் மனோவேதனையை, வைரஸை அடக்கும் மருந்து எட்டுவதில்லை. மனச்சோர்வு சிகிச்சையால் தணியக்கூடியதாதலின், எச்.ஐ.வி. சிகிச்சை நிலையந்தோறும் மனநலப் பரிசோதனை அத்தியாவசியமாகும். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நோயாளரைப் பாரபட்சமாக நடத்துவதைத் தடை செய்கிறது. துயருறுவோர் 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.