விளக்குத்தூண் எழுப்பும் வினா

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியிலிருந்து துணியெடுக்க மதுரை செல்லும் நம்மவர் விளக்குத்தூணை அறியாதிருப்பது அரிது. அதன் வரலாற்றை நம்மில் சிலரே அறிவோம்.

மதுரையைச் சூழ்ந்திருந்த நாயக்கர் காலக் கோட்டை மதில் 1840-களில் தகர்க்கப்பட்டது. நெரிசலில் திணறிய நகரை விரிவாக்க விழைந்த ஆட்சியர் பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போர்க்கு அந்நிலமே உரிமையாகும் என அறிவித்தார். மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் வெளிவீதிகளும் உருவாயின. அவரைச் சிறப்பிக்க, ‘நன்றியுள்ள மக்கள்’ 1847-இல் நாட்டியதே அத்தூண்.

யார் அம்மக்கள்? நிலம் பெற்றோர் நன்றி பாராட்டியிருக்கலாம். மதிலோரம் குடிசை கட்டி வாழ்ந்தோரும் அவர்களுள் அடங்குவரா? தூண் சொல்லவில்லை.

சீர்மிகு நகரத் திட்டத்திற்கு மதுரை 2016-இல் தேர்வாயிற்று. அத்திட்டத்தின் விதிப்படி நகர மக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. பெரியார் பேருந்து நிலையம் புதுவடிவம் பெற்றது. ஆயினும் மூட்டையோடு அந்நகரில் வந்திறங்கும் நம் கரிசல்காட்டு ஏழையின் பெயர் மாநகர வாக்காளர் பட்டியலில் இல்லை. அவர் கால் பதியாத நாளோ அக்கடைவீதியில் இல்லை.

நாற்சந்தியை மாற்றியமைப்போர் அந்த வழிப்போக்கரையும் அழைத்துக் கேட்கட்டும். அன்றுதான் பொதுவிடம் மெய்யாகவே பொதுவாகும்.