வாளையாறும் போடிமெட்டும்: மின்மிதிவண்டியின் இரு வழிகள்

மின்மிதிவண்டியை நேற்றுப் பிறந்த பொருளாகவே நம்மில் பலர் கருதுகிறோம். உண்மையில் அது பெட்ரோல் காரின் சமகாலத்தது. 1895 டிசம்பர் 31 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தவரான ஆக்டன் போல்ட்டன், பின்சக்கரத்தின் நடுவே மோட்டாரைப் பொருத்திய மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1897இல் பாஸ்டன் நகரத்து ஹோசியா லிபி, மோட்டாரைப் பெடல் அச்சில் வைத்த வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பழைய மிதிவண்டியைத் தம் கையாலேயே மின்வண்டியாக மாற்ற முனைவோர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வியும் அதுவே: மோட்டார் சக்கரத்திலா, பெடலிலா?

இக்கேள்விக்கு விடை சொல்வது நிலம். கேரளத்தின் இரு எல்லை மாவட்டங்களை எண்ணிப் பார்க்கலாம். இரண்டிலும் தமிழ் வழங்குகிறது. இரண்டும் 1956 மொழிவழிப் பிரிவினைக்குப் பின் கேரளத்தில் அமைந்தவை. ஆனால் பாலக்காட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. சித்தூரிலிருந்தோ வாளையாற்றிலிருந்தோ கோவைக்குச் செல்பவர் மலை ஏற வேண்டியதில்லை. இடுக்கியின் கதை வேறு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டை அடைய ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வேண்டும்.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ எனக் கொள்வோம். அந்த எடையை 1000 மீட்டர் உயர்த்தக் குறைந்தது 272 வாட்-மணி ஆற்றல் வேண்டும். மோட்டாரிலும் சங்கிலியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் அது 350ஐத் தொடும். பரவலாகப் பயன்படும் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியின் முழுக் கொள்ளளவு 360 வாட்-மணி. சமவெளியில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் அதே பேட்டரி, மலையில் ஒரே ஏற்றத்தோடு தீர்ந்துவிடும். சக்கரத்தில் அமைந்த சிறு மோட்டார் செங்குத்தில் மெதுவாகச் சுழலும்போது, மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகிக் காயிலைக் கருக்கும். பெடல் அச்சு மோட்டாரோ வண்டியின் பற்சக்கரங்கள் வழியாக வேலை செய்வதால், தான் வேகமாகச் சுழன்றபடியே சக்கரத்தை மெல்ல நகர்த்தும். போல்ட்டனின் வழி வாளையாற்றுக்குப் பொருந்தும்; லிபியின் வழி போடிமெட்டுக்குப் பொருந்தும்.

மோட்டாரைப் பொறுத்தவரை இப்பகுதிக்கு வறுமையில்லை. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. 1940இல் மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் உருவாக்கிய மோட்டாரே இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் எனப் போற்றப்படுகிறது. காயில் கட்டும் கைத்தொழில் அங்கிருந்து தெருத்தெருவாகப் பரவியது. 2008இல் ஹேமலதா அண்ணாமலை கோவையில் தொடங்கிய ஆம்பியர் நிறுவனமும் மின்மிதிவண்டியிலிருந்தே தன் பயணத்தைத் தொடங்கியது.

அறிவின் சங்கிலி அறுபடும் இடம் பேட்டரி. 1859இல் பிளாண்டே கண்ட ஈய-அமில பேட்டரிக்கு நீர் ஊற்றவும் தகடு மாற்றவும் ஊர்தோறும் ஆளிருந்தார்கள். ஆனால் அதன் எடை பெரிது. 36 வோல்ட்டுக்கு மூன்று பெட்டிகள், ஏறத்தாழ 12 கிலோ. 1991இல் சந்தைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலம் அச்சுமையைக் கால்பங்காக்கியது. பத்து மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட். முழுதாக ஏறினால் 42. ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டைத் தாண்டலாகாது. வயதும் கொள்ளளவும் வேறுபட்ட பழைய மின்கலங்களைக் கலந்து கட்டினால், நலிந்த ஒன்று மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிச் சூடேறும். அதைக் காக்கும் கட்டுப்பாட்டுப் பலகையைச் செலவு கருதித் தவிர்ப்பவர், படுக்கையறையில் தீயை வைத்துவிட்டு உறங்குகிறார்.

சட்டமும் இங்கு எண்ணத்தக்கது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கும் உட்பட்டிருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவும் உரிமமும் தேவையில்லை. சமவெளியில் இது தாராளமான எல்லை. மலையில் சக்கர மோட்டாரோடு ஏறத் தவிப்பவர் 750 வாட், 1000 வாட் என்று தாவுகிறார். தாம் சட்டத்தைக் கடந்ததையும் அறிவதில்லை. அவருக்கு வேண்டியது பெரிய மோட்டாரன்று. சரியான இடத்தில் வைத்த சிறிய மோட்டார், இறக்கத்தைத் தாங்கும் பிரேக்குகள், உடன் மிதிக்கும் தம் கால்கள்.

காயில் கட்டும் கலையை நம் முன்னோர் ஏட்டில் எழுதவில்லை. கையிலிருந்து கைக்குத் தந்தார்கள். அங்கே பிழை நேர்ந்தால் மோட்டார் கருகும், அவ்வளவே. லித்தியத்தில் நேரும் பிழை வீட்டை எரிக்கும். ஆகவே இந்த அறிவு தமிழில் எழுதப்பட்டாக வேண்டும். தொழிற்பயிற்சிக் கூடங்களில் கற்பிக்கப்பட்டாக வேண்டும். எல்லையின் இருபுறமும் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை காத்திருப்பது இந்த ஒரு பாடத்துக்காக.