ஒரு பகிடியும் ஒரு கைதியின் பெயரும்

பரசூட்டில் குதிப்போர் எழுப்பும் 'ஜெரோனிமோ' என்ற கூச்சல் நண்பர்களின் பகிடியொன்றில் பிறந்தது என்பதை அறிந்தபோது நான் வியந்தேன்.

ஆண்டு 1940. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள போர்ட் பென்னிங் முகாமில் பரசூட் பரீட்சார்த்த அணியினர் மறுநாள் கூட்டாகக் குதிக்கவிருந்தனர். அன்றிரவு ஜெரோனிமோ பற்றிய திரைப்படமொன்றைப் பார்த்துத் திரும்புகையில், பயத்தில் தன் பெயரையே மறந்துவிடுவான் என்று ஓப்ரி எபர்ஹாட் என்னும் சிப்பாயை நண்பர்கள் சீண்டினர். பயமில்லையெனக் காட்ட, குதிக்கும்போது அப்பெயரையே உரக்கக் கூவுவதாக அவர் சவால் விட்டார். மறுநாள் அவ்வாறே கூவினார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. தோழர்களும் அதனைப் பற்றிக்கொண்டனர்.

அப்பாச்சி வீரரான ஜெரோனிமோ 1886இல் அமெரிக்கப் படையிடம் சரணடைந்தவர். தாயகம் திரும்ப அனுமதியின்றி, 1909இல் ஓக்லஹோமாவின் போர்ட் சில்லில் போர்க்கைதியாகவே மாண்டார். அவரைச் சிறைவைத்த அதே இராணுவத்தின் இளைஞர்கள், தம் அச்சத்தை வெல்ல அவர் பெயரையே நாடினர்.

2011இல் ஒசாமா பின் லாடன் கொல்லப்பட்ட நடவடிக்கையில் அதே பெயர் சங்கேதச் சொல்லானபோது, அப்பாச்சி மக்கள் மனம் புண்பட்டனர். சிரிப்போர் மறந்தாலும், பெயருக்குரியோர் மறப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.