இலவு நகரத்துக் கருமணி

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், ஜின்ஷா ஆற்றங்கரையில் பான்ஜிஹுவா என்றொரு நகரம் இருக்கிறது. நம் ஊர் முள்ளிலவு மரத்தின் பெயரைச் சூடிய நகரம். அதன் மலைக்குள் கிடந்த ஓர் இல்மனைட் மணியின் கதை இது. இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் கலந்த கறுப்புக் கனிமம். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டின் வெண்மைக்கு இந்தக் கறுப்புதான் முக்கியமான மூலப்பொருள்.

சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிகுழம்பு ஆறி இறுகியபோது பிறந்தது அந்த மணி. மேக்னடைட் என்னும் இரும்புத்தாது, பைராக்ஸீன், பிளேஜியோகிளேஸ் என்னும் சிலிக்கேட் கனிமங்கள், கொஞ்சம் சல்பைடு எல்லாம் கூடப் பிறந்தவை. ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. மணவாளக்குறிச்சிக் கடற்கரை இல்மனைட்டுக்கு இந்தப் பாடு இல்லை. ஆறும் அலையும் பாறையை உடைத்து, கழுவி, தனித்தனி மணிகளாகக் கரையில் குவித்துவிட்டன. காந்தமும் மின்புலமும் வைத்துப் பிரித்துவிடலாம். மலைக்குள் சிக்கியதை மனிதர்தான் உடைத்து அரைக்க வேண்டும்.

1970 ஜூலை 1 அன்று பான்ஜிஹுவாவில் முதல் இரும்பு வார்க்கப்பட்டது. எல்லார் கண்ணும் இரும்பின் மேல்தான். பாறையைத் தண்ணீரோடு அரைத்தார்கள், மேக்னடைட்டைக் காந்தத்தால் இழுத்துக்கொண்டார்கள், மீதிக் குழம்பு கழிவானது. நம் மணி அந்தக் கழிவில் போனது. பிறகு கழிவிலிருந்தும் டைட்டானியம் எடுக்கத் தொடங்கினார்கள். சுருள் சரிவுகளில் ஓடவிட்டுக் கனமானதை ஒதுக்கி, உலர்த்தி, மின்புலத்தில் பிரிப்பார்கள். பருமணிகளுக்கு இது போதும். 0.045 மில்லிமீட்டருக்கும் சிறிய மணிகள் தண்ணீரோடு போய்விட்டன. இலவு நகரத்தின் நுண்மணிகள் அத்தனை காலமும் இலவு காத்த கிளிகள்தாம்.

1990களில் வழி மாறியது. வலுவான காந்தப்புலத்தில் குழம்பைத் துடிக்கவிட்டுப் பிடிக்கும் கருவி வந்தது. ஆனால் பைராக்ஸீனிலும் இரும்பு உண்டு. அதுவும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இல்மனைட்டையும் பைராக்ஸீனையும் பிரிக்க நுரை மிதப்பு முறை தேவைப்பட்டது. பிளஸ் டூ வேதியியலில் பைன் எண்ணெயோடு படித்த அதே முறைதான். காலீனா போன்ற சல்பைடுகள் எளிதாக மிதக்கும். இல்மனைட் மாதிரியான ஆக்சைடுகள் பிடிவாதக்காரர்கள்.

முதல் தொட்டியில் சாந்தேட் என்ற சேகரிப்பானை (மணியைக் காற்றுக்குமிழில் ஒட்டவைக்கும் வேதிப்பொருள்) சேர்த்து சல்பைடுகளை நுரையோடு வழித்தெடுக்கிறார்கள். அடுத்துக் கந்தக அமிலம். குழம்பின் பி.ஹெச். 5, 6 அளவுக்கு இறங்கும்போது, பைராக்ஸீனின் மேற்பரப்பிலிருந்து கால்சியமும் மக்னீசியமும் கரைந்து, சேகரிப்பான் பற்ற இடம் குறைகிறது. இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் வெளித்தெரியும்படி நிற்கின்றன. இங்கே சேகரிப்பானாக வரும் கொழுப்பு அமிலமோ ஹைட்ராக்சாமிக் அமிலமோ ஒரு முனையால் அந்த உலோகத்தைப் பற்றும். தண்ணீர் ஒட்டாத மறுமுனை காற்றுக்குமிழைத் தேடும். பைராக்ஸீன் மேலேறிவிடாமல் அமுக்க ஆக்சாலிக் அமிலமோ நீர்க்கண்ணாடியோ சேர்ப்பது உண்டு.

இதை மேம்படுத்தும் முயற்சிகளில் என்னைக் கவர்ந்தது இரும்பின் நிலை பற்றியது. இல்மனைட்டில் இரும்பு பெரும்பாலும் ஃபெரஸ் வடிவில் இருக்கிறது. அதோடு ஓலியேட் என்ற கொழுப்பு அமிலச் சேகரிப்பான் சேர்ந்தால் பிடி தளர்வு, ஃபெரிக்கானால் இறுக்கம். ஆகவே மணியின் தோலை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்ய வறுத்தும், மைக்ரோவேவில் சூடாக்கியும் பார்க்கிறார்கள். இன்னொரு வழி லெட் நைட்ரேட். ஈய அயனிகள் மேற்பரப்பில் அமர்ந்து சேகரிப்பானுக்குக் கூடுதல் இடம் தருகின்றன. மீட்பு கூடுவது உண்மை. ஆனால் கழிவுநீரில் ஈயத்தை விட்டு வெள்ளைப் பெயிண்டுக்கு வழி தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிகச் சிறிய மணிகளுக்கு வேறு தொல்லை. எடை மிகக் குறைந்த மணி குமிழோடு மோதவே மாட்டேன் என்கிறது; குமிழைச் சுற்றி ஓடும் நீரோடு விலகிப் போகிறது. வேகமாகக் கலக்கி நுண்மணிகளைக் கொத்தாக்கலாம், இல்லையென்றால் குமிழைச் சிறிதாக்கலாம். தூய இல்மனைட்டை மட்டும் மிதக்கவைத்து ஆய்வகங்கள் சொல்லும் எண்களை நான் பாதிதான் நம்புவேன். ஆலைத் தொட்டியில் சேறு மணிமேல் பூசிக்கொள்ளும். திரும்பத் திரும்பப் பயன்படும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கலந்திருக்கும்.

தப்பிப் பிழைத்த மணி, பாதிக்குச் சற்றுக் குறைவான டைட்டானியம் டை ஆக்சைடு கொண்ட செறிவாக வெளியேறுகிறது. கால்சியமும் மக்னீசியமும் அதிகம் என்பதால் நிறமி தயாரிக்கும் குளோரைடு முறைக்கு அது ஒத்துவராது. பெரும்பாலும் மறுபடி கந்தக அமிலத்துக்கே போய் வெள்ளை நிறமியாகிறது.

மேக்னடைட்டோடு பின்னிப் பிரிக்க முடியாமல்போன டைட்டானியத்தின் கதை தனி. பாறையில் இருந்ததில் ஏறக்குறைய பாதி அது. இரும்போடு ஊது உலைக்குப் போய்க் கசடில் தங்கிவிடுகிறது. அந்தக் கசடில் 20 சதவீதத்துக்கு மேல் டைட்டானியம் டை ஆக்சைடு. மிதப்புத் தொட்டியை எவ்வளவு திருத்தினாலும், அந்தப் பாதி தொட்டிக்கு வரப்போவதே இல்லை.