வேலூர்க் கோட்டையும் கீழ்ப்படிதல் எனும் கல்வியும்

இலங்கைத் தமிழ் வாசகர் பலருக்கு வேலூர்க் கோட்டை, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் சிறையிருந்த இடமாகவே அறிமுகமானது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் பிடிபட்ட அம்மன்னன், 1816இல் கப்பலேற்றப்பட்டுக் குடும்பத்தோடு அங்கு கொண்டு செல்லப்பட்டு, 1832 ஜனவரி 30இல் உயிர் நீக்கும்வரை அம்மதில்களுக்குள்ளேயே வாழ்ந்தான். அவன் குடும்பம் வாழ்ந்த மாளிகைக்குக் கண்டி மகால் என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது. நமது பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. அரசர்களின் துயரத்தைச் சொல்லும் வரலாறு, அவ்வரசர்களைக் காவல் செய்த ஏழைச் சிப்பாய்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. அம்மன்னன் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே அக்கோட்டையின் முற்றம் சிப்பாய்களின் இரத்தத்தால் நனைந்திருந்தது. இன்று அதே கோட்டைக்குள் பொலிசாருக்குப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட நாயக்கர்களால் எழுப்பப்பட்ட இக்கோட்டை, கருங்கல் மதில்களும் அகன்ற அகழியுமாக ஏறத்தாழ 133 ஏக்கர் நிலத்தில் பரந்து கிடக்கின்றது. பீஜப்பூர்ச் சுல்தானின் படையும், மராத்தியரும், மொகலாயத் தளபதிகளும் மாறி மாறி ஆண்டபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின், அவனுடைய மக்களையும் உறவினரையும் கம்பெனியார் இங்கேயே குடியேற்றிக் காவலில் வைத்தனர்.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சேர் ஜோன் கிராடொக் சிப்பாய்களுக்குப் புதியதொரு தலைப்பாகையைப் புகுத்தினார். தோற்பட்டை பொருத்திய அத்தலைப்பாகை, பறங்கியரின் தொப்பியையே நினைவூட்டியது. அதைத் தொடர்ந்து, அணிவகுப்பின்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி மழிக்கப்படவேண்டும் என்ற கட்டளைகள் பிறந்தன. 1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த ஒரு படைப்பிரிவினர் தலைப்பாகையை அணிய மறுத்தனர். இந்துக்களும் இஸ்லாமியருமாக 21 பேர் சென்னைக்கு அனுப்பப்பட்டு இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். ஓர் இந்துவுக்கும் ஓர் இஸ்லாமியருக்கும் தலைக்குத் தொளாயிரம் கசையடி. ஏனைய பத்தொன்பது பேருக்கும் ஐந்நூறு கசையடி விதிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டதன் பேரில் அத்தண்டனை தள்ளுபடி செய்யப்பட்டது.

மதவுணர்வு புண்பட்டதே கிளர்ச்சிக்குக் காரணம் என்று சிலர் எழுதிவிட்டு அமைவர். திப்புவின் மைந்தர் செய்த சூழ்ச்சி என்று வேறு சிலர் எழுதினர். இரண்டும் முழு உண்மையல்ல. தனது நெற்றியும் முகமும் கூடத் தனக்குச் சொந்தமில்லை என்று ஒருவனுக்கு உணர்த்தப்படும்போது, கூலிக்குப் படையில் சேர்ந்த அவனது அடிமை நிலை முழுவதும் அவன் கண்முன் விரிகின்றது. தலைப்பாகை அதன் வெளிப்பாடு மட்டுமே. விபூதியும் தாடியும் ஒரே அணியில் நின்று எதிர்த்தமையே கம்பெனியாரைப் பெரிதும் அச்சுறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

யூன் மாதத்திலேயே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதி நடப்பதாகத் தன் மேலதிகாரியிடம் சென்று அறிவித்தான். அதனை ஆராயப் பணிக்கப்பட்ட சுதேச அதிகாரிகள் அவன் சொல் பொய்யென்று அறிக்கையிட, முறையிட்டவனே விலங்கிடப்பட்டான். 1806 யூலை 10, விடியற்காலையில் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி கேர்ணல் பான்கோட் சுடப்பட்டார். 14 அதிகாரிகளும், 69ஆம் றெஜிமென்டைச் சேர்ந்த 115 வெள்ளையரும் மாண்டனர். அவர்களுள் மருத்துவசாலையில் நோயாளிகளாகக் கிடந்தோரும் இருந்தனர். கிளர்ச்சியாளரை ஆதரிக்கும் நாம் இதனை மறைத்தல் தகாது. மைசூரின் புலிக்கொடி மதிலில் ஏறியது. ஆயினும் சிப்பாய்களிடம் அடுத்த நாளுக்கான திட்டம் இருக்கவில்லை. சிலர் சூறையாடுவதில் ஈடுபட்டனர். கோட்டைக் கதவுகளையும் காத்தாரில்லை.

ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தான். அவனைக் கயிறு விட்டு மதில்மேல் தூக்கினர். பீரங்கியால் வாயில் தகர்க்கப்பட்டது. நண்பகலுக்கு முன் எல்லாம் முடிந்தது. மகாலில் அடைக்கலம் புகுந்திருந்த நூறு பேரளவில் வெளியே இழுத்து வரப்பட்டு, சுவரோரம் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டனர். விசாரணை ஏதுமில்லை. வாயிலைத் தகர்த்த பொறியியல் அதிகாரி பிளக்கிஸ்டன், பின்னாளில் எழுதிய நினைவு நூலில் அச்செயலை முற்றிலும் நியாயமென்றே கொள்கிறார். அன்று மாண்ட சிப்பாய்களின் தொகையை ஒரு கணக்கு ஏறத்தாழ 350 என்கின்றது. எஞ்சியோருள் அறுவர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடு கடத்தப்பட்டனர். முஸ்தபா பேக்குக்கு இரண்டாயிரம் வராகன் பரிசாகக் கிடைத்தது. தலைப்பாகைக் கட்டளை மீளப்பெறப்பட்டது. கிராடொக்கும் தேசாதிபதி பென்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.

இனிப் பொலிசுக்கு வருவோம். சிப்பாய்க் கோட்டையில் காக்கிச் சட்டை புகுந்தது தற்செயலான இடவசதி என்று தோன்றலாம். ஆனால் தென்னிந்தியப் பொலிசின் பிறப்பையும் சிறிது நோக்கவேண்டும். வரி கட்ட இயலாத குடியானவரைச் சித்திரவதை செய்வதாக எழுந்த கூக்குரல் இங்கிலாந்துப் பாராளுமன்றம்வரை எட்டியதன் விளைவாக, சென்னை மாகாணத்தில் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டு 1855இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விரல்களை நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் பிணைத்து வெயிலில் குனியவைக்கும் அண்ணாந்தாள் ஆகிய கொடுமைகளின் பெயர்களை அவ்வறிக்கையில் காணலாம். குற்றம் முழுவதையும் சுதேசச் சேவகர் தலையில் ஏற்றிவிட்டு, அவ்வரியை விதித்த கம்பெனியை அது பெரிதும் காப்பாற்றியது. எனினும் வரி வசூலும் பொலிஸ் அதிகாரமும் ஒரே கையில் இருத்தல் கேடு என்பதை அது ஏற்றது. அதன்பின் வந்ததே 1859ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பொலிஸ் சட்டம். சித்திரவதையை ஒழிக்கும் பொருட்டு எனச் சொல்லித் தோற்றுவிக்கப்பட்ட அப்படை, அமைப்பில் அயர்லாந்தை அடக்கி வைத்திருந்த ஆயுதப் பொலிசையே பெரிதும் ஒத்திருந்தது. 1857இன் பேரெழுச்சியைக் கண்டு நடுங்கிய ஆட்சிக்கு வேறு மாதிரி எங்கிருந்து கிடைக்கும்?

இலங்கைக்கும் இது அயற்கதையன்று. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்ட மறுவருடம், இந்தியாவில் பணியாற்றிய ஜீ. டபிள்யூ. ஆர். காம்பெல் இங்கு பொலிஸ் தலைமைக்குக் கொண்டுவரப்பட்டார். அந்தக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. அங்கும் 1859ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாடு மாவட்டப் பொலிஸ் சட்டம் என்ற புதுப் பெயரில் வாழ்கின்றது.

சென்னை மாகாணத்துப் பொலிஸ் அதிகாரிகளுக்கான பயிற்சிக் கல்லூரி நெடுங்காலம் வேலூரில் இயங்கி, 1970களில் சென்னைக்கு இடம் மாறியது. கோட்டைக்குள் காவலர் பயிற்சிப் பள்ளி தொடர்கின்றது. அங்கு சேரும் இளைஞரும் யுவதிகளும் யாவர்? பெரும்பாலோர் மழை பொய்த்த கிராமங்களிலிருந்து, மாதச் சம்பளம் ஒன்றை நம்பி வரும் பிள்ளைகள். 1806இன் சிப்பாயும் அவ்வாறு வந்தவனே. அவர்களைப் பகைவராய்க் காண்பது நமது கொள்கையாக இருக்கமுடியாது. ஆனால் அவர்களுக்குக் கற்பிக்கப்படுவது யாது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. 2020 யூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்ட ஒரு தந்தையும் மகனும் பொலிசாரால் தாக்கப்பட்டு மாண்டனர். கிட்டியும் அண்ணாந்தாளும் பெயரளவிலேயே மறைந்தன. இங்கும் பொலிஸ் காவலில் நிகழும் மரணங்களுக்குக் குறைவில்லை.

மாண்ட வெள்ளையருக்குக் கோட்டைக்கருகிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சின்னம் உண்டு. சிப்பாய்களுக்கு 1998இல்தான், கோட்டைக்கு எதிரேயுள்ள சந்தியில் ஒரு தூண் எழுந்தது. 2006இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. இவை நல்லவையே. ஆயினும் கோட்டைக்குள் வாழும் பயிற்சியாளருக்கு, தம் காலடியில் கிடக்கும் இக்கதையை யாரேனும் பாடமாகச் சொல்லவேண்டும். 1855ஆம் ஆண்டு அறிக்கையும், 1806இன் விசாரணைப் பதிவுகளும் அச்சில் உள்ளவை. அவற்றைத் தமிழில் பெயர்த்து, சட்டவிரோதமான கட்டளையை ஒரு காவலன் எப்போது மறுக்கலாம் என்ற கேள்வியோடு பயிற்சிப் பாடத்தில் சேர்க்கலாம். பல்கலைக்கழகங்களில் வரலாறு கற்கும் நம் மாணவர் சிலர் அம்மொழிபெயர்ப்புப் பணியைத் தொடங்கினால், இரு கரைகளின் பயிற்சிப் பள்ளிகளுக்கும் அது பயன்படும்.