தேகாப்பியாசமும் தொடர்ச்சியும்: யப்பானிய வானொலிப் பயிற்சி குறித்து ஒரு வரலாற்று நோக்கு

தேகாப்பியாசத்தைத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். இவ்வேறுபாட்டுக்குத் தனிமனிதரின் மனவுறுதிக் குறைவே காரணமெனக் கூறுவது பொதுவழக்கு. உடல்நலம் பற்றிய அறிவுரை நூல்கள் பெரும்பாலும் இக்கருத்தையே அடிநிலையாகக் கொண்டு எழுதப்படுகின்றன. ஆயின், இவ்விடயத்தை வரலாற்று அடிப்படையில் அணுகுவோர்க்கு வேறொரு வினா முதன்மை பெறுகின்றது. சாதாரண மக்கள் பெருந்தொகையினராக, ஆண்டுக்கணக்கில், நாள்தோறும் பயிற்சி செய்த இடமும் காலமும் உளவா? உளவாயின், அவர்களை அதில் நிலைநிறுத்தியது யாது?

உடற்பயிற்சி தனியொரு கருமமாகத் தொழிலினின்று பிரிந்து நின்றது பிற்காலத்து நிகழ்ச்சியே. ஏர் பிடித்த உழவனுக்கோ மூட்டை சுமந்த தொழிலாளிக்கோ உடலை அசைக்குமாறு எவரும் ஊக்கமூட்ட வேண்டியிருக்கவில்லை. இலண்டன் நகர மாடி பஸ்களின் சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு, ஜெரமி மொறிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1953இல் வெளியிட்ட ஆய்வு இங்கு மனங்கொள்ளத்தக்கது. நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, மாடிப்படிகளில் ஏறியிறங்கிய நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. அந்நடத்துநர்கள் உடல்நலங் கருதிப் படியேறியவர்களல்லர். பிரயாணச்சீட்டு விற்பதற்காக ஏறியவர்கள். தொழில் தராத அசைவை வேறு யாதேனுமொன்று தரவேண்டிய நிலை தோன்றியபோது, அவ்விடத்தை நிரப்ப எழுந்த முயற்சிகளுள் யப்பானிய வானொலித் தேகாப்பியாசம் மிக நீண்ட ஆயுளுடையவற்றுள் ஒன்றாகும்.

அதன் மூலம் யப்பானிலன்று, நியூயோர்க்கில் உள்ளது. மெற்றோபொலிற்றன் ஆயுட்காப்புறுதிக் கம்பனி 1925இல் காலைநேர உடற்பயிற்சியை வானொலியில் ஒலிபரப்பத் தொடங்கியது. காப்புறுதி செய்தவர் நெடுங்காலம் வாழ்ந்தால் தவணைப்பணம் தொடர்ந்து வரும். இழப்பீடு கொடுக்கும் நாள் தள்ளிப்போகும். கம்பனியின் இலாபமும் மக்களின் நலமும் ஒரே திசையிற் செல்லும் அரிய சந்தர்ப்பங்களுள் இதுவுமொன்று. யப்பானிய அரசாங்கமோ 1916 முதல் தபாற் கந்தோர்கள் வாயிலாக, மருத்துவப் பரிசோதனையின்றிச் சிறுதொகைக் காப்புறுதியை வறிய மக்களுக்கு வழங்கி வந்தது. 1920களின் பிற்பகுதியில் அந்நாட்டு மக்களின் சராசரி ஆயுள் ஐம்பதைத் தொடவில்லை. இந்நிலையில் அமெரிக்கா சென்று திரும்பிய தபாற் காப்புறுதி அதிகாரிகள் கொண்டுவந்த செய்தி கவனத்தைப் பெற்றதில் வியப்பில்லை. சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழாவை ஒட்டி, 1928 நவம்பர் 1ஆந் திகதி காலை 7 மணிக்கு ரோக்கியோ நிலையத்திலிருந்து முதலாவது பயிற்சி ஒலிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. எகி ரியிச்சி என்னும் அறிவிப்பாளரின் குரல், பியானோ இசையுடன், பத்தாண்டுகளுக்கு மேலாக மக்களைக் காலைதோறும் அழைத்தது.

இங்கு ஒரு முரண் உண்டு. அக்காலத்தில் வானொலிப் பெட்டி பெரும்பாலான வீடுகளில் இல்லை. கட்டணஞ் செலுத்திய நேயர் தொகை பத்து இலட்சத்தை எட்டியதே 1932இல்தான். அவ்வாறாயின் ஒலிபரப்பு மக்களை எவ்வாறு சென்றடைந்தது? தபால் ஊழியர்கள் அசைவுகளைக் கற்று ஊர்களிற் பரப்பினர். ஒரு பெட்டியைச் சுற்றிப் பலர் கூடினர். வீட்டில் தனித்துப் பயிற்சி செய்யக்கூடியவராயிருந்த ஒருவர், பெட்டியின்மை காரணமாக அயலவருடன் சேர்ந்து செய்யவேண்டியவரானார். வராதவர் யாரென்பது வந்தவர்க்குத் தெரிந்தது. சாதனத்தின் பற்றாக்குறையே தோழமையை உண்டாக்கியது எனலாம். இப்பயிற்சி வேரூன்றியமைக்கு ஒலிபரப்பின் சிறப்பைக் காட்டிலும் இக்கூட்டமே பெருங்காரணமாயிற்று என்று கொள்வது தவறாகாது.

1930ஆம் ஆண்டுக் கோடையில், ரோக்கியோவின் கண்டா பகுதியைச் சேர்ந்த பொலிஸ்காரர் ஒருவர், விடுமுறையிலிருந்த சிறுவர்களை அதிகாலையில் எழுப்பி ஒன்றுகூட்டிப் பயிற்சி செய்விக்கத் தொடங்கினார். இவ்வழக்கம் விரைவில் நாடெங்கும் பரவியது. இதனோடிணைந்து வளர்ந்ததே வருகை அட்டை. கழுத்தில் நூலிற் கோத்துத் தொங்கவிடப்பட்ட அவ்வட்டையில், வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முத்திரை பதிக்கப்படும். வராத நாளின் கட்டம் வெறுமையாகவே நிற்கும். பரிசு சிறியது, பென்சிலோ அப்பியாசக் கொப்பியோ அன்றி அதுவுமில்லையோ ஆகலாம். ஆயினும், வெற்றுக் கட்டத்தைக் காணச் சகியாத சிறுவன் எழுந்து வந்தான். குறித்த நேரம், கூடச்செய்யும் அயலவர், கண்ணுக்குப் புலனாகும் குறி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையால், மனவுறுதிக்கு அங்கு அதிக வேலை இருக்கவில்லை.

ஆனால், மக்களை எழுப்பத் தெரிந்த கருவி எதன்பொருட்டும் அவர்களை எழுப்பவல்லது. 1930களின் பிற்பகுதியில் யப்பான் போர்ப்பாதையில் ஆழச் சென்றபோது, காலைக் கூட்டங்களிற் கொடியேற்றமும் அரண்மனைத் திசைநோக்கிய வணக்கமும் புகுந்தன. 1938இல் நிறுவப்பட்ட சுகாதார நலன்புரி அமைச்சின் தோற்றத்துக்கு, படைக்குச் சேர்க்கப்படும் இளைஞரின் உடல்வலிமை பற்றிய இராணுவத்தின் கவலையும் ஒரு காரணமாகும். 1939இல் புதியதொரு பயிற்சித் தொகுதி அகன்ற யப்பானின் பெயரால் வெளியாயிற்று. கொரியாவிலும் தாய்வானிலும் ஆளப்பட்ட மக்கள் அதே நேரத்தில் அதே அசைவுகளைச் செய்யவேண்டியிருந்தது. அயலவர் கூட்டத்திற்கு வராமை அதுவரை சோம்பலாகக் கருதப்பட்டது. இப்பொழுதோ அது விசுவாசக்குறைவாகக் கருதப்படும் ஆபத்துத் தோன்றியது. அசைவுகளில் இதற்கெனப் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை என்பதே இவ்வரலாற்றில் மிகவும் சிந்திக்கற்பாலது. உடலுக்கு நன்மை தந்த பயிற்சி அப்போதும் நன்மையே தந்திருக்கும். வராதிருக்கும் உரிமையே பறிபோயிற்று.

எனவே, 1945இன் தோல்விக்குப்பின் நாட்டைக் கைக்கொண்டிருந்த நேசநாட்டு அதிகாரம், கட்டளைக் குரலுக்கிணங்க மக்கட்டிரள் ஒரேகணத்தில் அசைவதை ஐயத்துடன் நோக்கியமை விளங்கிக்கொள்ளக்கூடியதே. (தேகாப்பியாசக் கூட்டங்களை அதிகாரம் ஐயுற்றமை இதுவே முதன்முறையன்று, பேர்லினில் 1811இல் யான் தொடக்கிய உடற்பயிற்சி இயக்கத்தைப் பிரஷ்ய அரசு 1842வரை தடைசெய்திருந்தது. ஆங்கு அஞ்சப்பட்டது அரசின் பிடிக்கு அப்பாற்பட்ட கூட்டம்; ஈங்கு அஞ்சப்பட்டது அரசின் பிடிக்குள் அமைந்த கூட்டம்.) 1946இல் புதிய அசைவுகளுடன் ஒலிபரப்பு தொடர்ந்ததாயினும், செவியாற் கேட்டு மட்டும் பின்பற்றுதற்கு அவை கடினமாயிருந்தன. 1947 ஓகஸ்டில் அது நின்றது.

நான்கு ஆண்டுகள் கழிந்து, 1951 மே மாதத்தில், இன்று வழங்கும் முதலாம் பயிற்சி பிறந்தது. பதின்மூன்று அசைவுகள், மூன்று நிமிடத்தை ஒட்டிய நேரம், ஹத்தோரி ததாஷியின் இசை. முதியவரும் சிறுவரும் ஒருங்கே செய்யத்தக்கதாக அது எளிமைப்படுத்தப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில், யப்பானியப் படையெடுப்பால் நொந்திருந்த சீனாவும் தன் சொந்த வானொலிப் பயிற்சியைத் தொடங்கியது என்பது, பகைவனது கருவியாயினும் பயனுடையதை விடமுடியாமையைக் காட்டுகின்றது.

அட்டையின் ஆற்றலை மிகைப்படுத்துவதும் பொருந்தாது. 1965இல் யப்பானிய நிறுவனமொன்று அடிகளை எண்ணும் சிறுகருவியைப் 'பதினாயிரம் அடி மானி' எனப் பொருள்படும் பெயருடன் விற்பனைக்கு விட்டது. இடுப்பிற் செருகிய அட்டையென அதனைக் கருதலாம்; முத்திரை பதிக்கும் அயலவர் மட்டும் அதில் இல்லை. அவ்வெண் ஆராய்ச்சியின் முடிவாக எழுந்ததன்று. நினைவிலிருத்த எளிதான முழுவெண் என்பதே அதன் சிறப்பு. 2019இல் அமெரிக்காவில் 16,741 முதிய பெண்களை ஆராய்ந்தோர், நாளொன்றுக்கு 2,700 அடி அளவில் நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு வீதம் குறைவென்றும், 7,500 அடி அளவிற்கு மேல் மேலதிகக் குறைவு காணப்படவில்லையென்றும் கண்டனர். பதினாயிரத்தை எட்டாது மனஞ்சோர்ந்து நடையையே கைவிட்டோர்க்கு இச்செய்தி காலந்தாழ்த்தியே கிடைத்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரைக்கொண்டு நடத்தி, 2010ஆம் ஆண்டுச் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வொன்றும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. ஒரே சந்தர்ப்பத்தில் நாள்தோறும் செய்யப்படும் கருமம் வழக்கமாக நிலைபெறச் சராசரி 66 நாள் சென்றது. சிலர்க்கு 18 நாள் போதுமாயிருக்க, வேறு சிலர்க்கு 254 நாள்வரை வேண்டுமெனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியமை பெரும் பாதிப்பை ஏற்படுத்தவில்லை. யப்பானியப் பாடசாலைகளின் கோடை விடுமுறையோ ஏறத்தாழ 40 நாள். வழக்கம் உறுதிப்படுவதற்கு முன்னரே அட்டை முடிந்துவிடுகிறது. வெறுமையாய் நின்ற கட்டத்துக்காகச் சிறுவர் பட்ட கவலையும் அவசியமற்றதே.

எனினும், 6.30 மணி ஒலிபரப்பு இன்றும் நிற்கவில்லை. நகரங்களின் பூங்காக்களில் அந்நேரத்துக்குக் கூடுவோருட் பெரும்பாலோர் முதியவர்கள். ஓய்வுபெற்ற அவர்களுக்குத் தொழில் குறிக்கும் நேரமில்லை. வருமாறு கட்டளையிடும் அரசுமில்லை. எவரேனும் ஒருவர் வானொலிப் பெட்டியைக் கொணர்ந்து வைக்கிறார். பயிற்சி முடிந்தபின், அன்று வராதிருந்தவரைப் பற்றி விசாரித்துவிட்டே அவர்கள் கலைகின்றனர்.