பாலத்தை விட்டு விலகிய ஆறு

கம்போடியாவில், அங்கோர் தோம் கோட்டைக்குக் கிழக்கே தா கேவ் கோயிலுக்குப் போகும் வழியில் ஸ்பியன் த்மா என்றொரு கற்பாலம் இருக்கிறது. பழைய கோயில்களில் இருந்து பெயர்த்த கற்களை அடுக்கிக் கட்டியது. அதன் கண்களில் இன்று தண்ணீர் ஓடுவதில்லை. சியெம் ரீப் ஆறு பாலத்தைச் சுற்றிக்கொண்டு வேறு தடம் பிடித்து, பல மீட்டர் ஆழத்தில் நிலத்தை அறுத்துக்கொண்டு போகிறது. கெமர் பேரரசு ஏன் வீழ்ந்தது என்று கேட்பவர்களுக்கு, அங்கோர் வாட்டின் கோபுரங்களைவிட இந்தப் பாலம் அதிகம் சொல்லும்.

1431இல் சயாமின் அயுத்தயா படை வந்தது, தலைநகர் அங்கோர் விழுந்தது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை. படை வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே நகரத்தின் தண்ணீர்க் கணக்கு தப்பியிருந்தது.

வடக்கே குலென் மலை, தெற்கே தோன்லே சாப் ஏரி, நடுவே மெல்லச் சரியும் சமவெளி. மலைநீரை மறித்துத் தேக்கித் திருப்பிவிட, 9ஆம் நூற்றாண்டு முதல் ஒவ்வொரு மன்னனும் முன்னவன் வெட்டியதோடு தன் வாய்க்காலையும் இணைத்தான். 11ஆம் நூற்றாண்டில் எழுந்த மேற்கு பராய் ஏரி 8 கி.மீ. நீளம், 2 கி.மீ. அகலம். முதலாம் சூர்யவர்மன் காலத்தில் தொடங்கியதாகக் கருதப்படுகிறது. (ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு குறிப்பிடும் காம்போஜ மன்னன் இவனாகவே இருக்கவேண்டும்.) இப்படி வளர்ந்த நகரம் சுமார் 1,000 சதுர கி.மீ. பரப்பில் விரிந்தது. 13ஆம் நூற்றாண்டில் அங்கே ஏழு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள் என்பது அண்மைக்காலக் கணிப்பு.

பிறகு வானம் மாறியது. வியட்நாம் மலைகளில் 750 ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த சைப்ரஸ் இன மரங்களின் வளையங்களில் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் பல பத்தாண்டுகள் வறட்சி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடியும் வறட்சி. இடையிடையே பேய்மழை. நேர்கோட்டில் வெட்டிய வாய்க்கால்களில் வெள்ளம் சீறிப் பாய்ந்து படுகையை அரித்தது. ஆறு கீழே இறங்க, அதிலிருந்து நீர் வாங்கிய கால்வாய்த் தலைப்புகள் மேலே நின்றுவிட்டன. அரித்த மணலோ தெற்கே போய் மற்ற வாய்க்கால்களைத் தூர்த்தது.

எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததே அங்கோரின் பலம். அதுவே அதன் வினையாகவும் ஆயிற்று. ஓரிடம் உடைந்தால் அங்கே போகவேண்டிய நீர் அடுத்த கரையின்மேல் ஏறும். அது தாங்காவிட்டால் அதற்கடுத்தது. 2012 ஜூலையில் வட, கிழக்கு இந்தியாவின் மின்கட்டமைப்பு அடுத்தடுத்து இரண்டு நாள் சரிந்து 60 கோடிப் பேருக்கு மேல் இருளில் தவித்ததும் இதே கணக்குதான்.

முதலில் வெளியேறியவர்கள் யார்? அங்கோர் தோம் அகழியின் வண்டலை ஆராய்ந்ததில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகர நடுவில் குடிகள் குறையத் தொடங்கியது தெரிகிறது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அகழியை நீர்ச்செடிகள் மூடிவிட்டன. கவனிக்க ஆளில்லை. கோட்டைக்குள் இருந்தவர்கள் பிரபுக்களும் அதிகாரிகளும். போக இடமும் வசதியும் அவர்களுக்கு இருந்தன. சயாம் படை பிடித்தது பாதி காலியான தலைநகரத்தை என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசவை தெற்கே, கடல் வாணிபத்துக்கு வசதியான இன்றைய புனோம் பென் பக்கம் நகர்ந்தது. உழவர்கள் நெல் விளைத்துக்கொண்டு அங்கோரிலேயே இருந்தார்கள். அங்கோர் வாட்டில் பிக்குகள் வழிபாட்டை விடவே இல்லை. 1860இல் வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூவோ காட்டுக்குள் அதைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது, குடியிருக்கும் வீட்டைக் கண்டுபிடித்த கதை.

2009 முதல் மூன்று ஆண்டுகள், அங்கோரை ஒட்டிய இன்றைய சியெம் ரீப் நகரம் வெள்ளத்தில் மிதந்தபோது, கோயில்களைப் பராமரிக்கும் அப்சரா ஆணையம் பழைய அகழிகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரி, மழைநீரை மறுபடி அவற்றில் திருப்பியது. ஏரிகள் நிரம்பினால் நிலத்தடி நீரும் ஏறும். அங்கோரின் கோயில்கள் நிற்பது நீர் ஊறிய மணல் அடித்தளத்தின்மேல். அதே நிலத்தடி நீரைத்தான் அந்தக் கோயில்களைப் பார்க்க வருவோர் தங்கும் விடுதிகள் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைக்கின்றன.

(தொடரும்)